"ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?"ங்கற கட்டத்துல "இல்லை"ன்னு போட்டுட்டேன். வியாழக்கிழமை இன்டர்வியூ

காவேரிக்கரை
2026 ஜனவரி 27, செவ்வாய், இரவு 9.40

வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் போற ஆளு, முதல் தடவையா எழுதறேன்.

டிசம்பர்ல டல்லாஸ் பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்எஸ் முடிச்சேன். ஓபிடி (படிப்பு முடிஞ்சதும் ஒரு வருஷம் வேலை பார்க்க விடற அனுமதி) கார்டு கைக்கு வந்தாச்சு, ஆரம்பத் தேதி ஜனவரி 12. வேலையில்லாம இருக்கலாம்னு விட்டிருக்கற 90 நாள்ல இன்னியோட 15 கழிஞ்சாச்சு. காலைல எந்திரிச்சதும் பல் தேய்க்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைத்தான் பாக்கறேன்.

அக்டோபர்லேர்ந்து அப்ளை பண்றேன். எல்லா ஃபார்ம்லயும் அந்த ரெண்டு கேள்வி வரும்ல: "அமெரிக்காவுல வேலை பார்க்க சட்டப்படி அனுமதி இருக்கா?", "இப்பவோ பின்னாடியோ வேலை விசாவுக்கு ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?" (ஸ்பான்சர்ஷிப்னா நமக்காகக் கம்பெனியே விசா மனு போடறது.) ரெண்டுக்கும் ஆமான்னு போட்டு 140 இடத்துக்கு அனுப்பினேன். பாதிக்கு மேல மறுநாள் காலைலயே "வருந்துகிறோம்" மெயில். ரூம்ல இருக்கற சீனியர், "ரெண்டாவதுக்கு இல்லைன்னு போடுறா. ஓபிடிக்கு கம்பெனி ஒரு பைசா கட்ட வேண்டாம், அது ஸ்பான்சர்ஷிப்பே கிடையாது"ன்னாரு. போட்டேன். பத்தே நாள்ல ஒரு இடத்துலேர்ந்து போன்.

ரெக்ரூட்டர் ரவுண்டு முடிஞ்சுது, அந்தம்மா விசா பத்தி வாயே திறக்கல. வியாழக்கிழமை மேனேஜரோடயும் ரெண்டு இன்ஜினியர்களோடயும். இப்ப நானா சொல்லணுமா? சொன்னா யார்கிட்ட, எப்ப? வீட்ல அப்பாகிட்ட கேட்டா, "உண்மையைச் சொல்லு"ங்கறாரு. அப்பாவுக்கு லோன் பாக்கி எவ்ளோன்னு தெரியும், ஆனா ஹெச்-1பிங்கற வேலை விசான்னா என்னன்னு தெரியாது.


லாட்டரி_மூணுதடவை
செவ்வாய், இரவு 10.05

தம்பி, வாயத் திறக்காத. ஆஃபர் லெட்டர் கைக்கு வர்ற வரைக்கும் உனக்கும் விசாவுக்கும் சம்பந்தமே இல்ல. அவங்களுக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சுன்னா அப்புறம் அவங்களே வக்கீலத் தேடுவாங்க. பிடிக்கலன்னா நீ கிரீன் கார்டே வச்சிருந்தாலும் எடுக்க மாட்டாங்க. நான் மூணு மார்ச்சும் ஹெச்-1பிக்கு நடக்கற லாட்டரில பேர் குடுத்து, கடைசி மார்ச்சுலதான் சீட்டு விழுந்தவன். ஒரு இன்டர்வியூல கூட நானா ஆரம்பிச்சது கிடையாது.


எட்டாவதுவருஷம்
செவ்வாய், இரவு 10.31

மேல சொன்னதுல பாதி சரி, பாதி ஆபத்துங்க.

சரியான பாதி: மேனேஜர் இன்டர்வியூல நீங்களா ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஆபத்தான பாதி: நீங்க ஏற்கெனவே வாயத் திறந்தாச்சு. எழுத்துல "இல்லை"ன்னு பதில் குடுத்திருக்கீங்க. சும்மா இருக்கறதும், தப்பான பதிலைக் குடுத்துட்டு சும்மா இருக்கறதும் ஒண்ணு இல்லைங்க.

உங்க சீனியர் கேள்வியை முழுசாப் படிக்கல. "இப்பவோ பின்னாடியோ"ன்னு இருக்கு. "இப்ப"ங்கறதுக்கு வேணா இல்லைன்னு சொல்லலாம். "பின்னாடி"ங்கற வார்த்தையை உங்கள மாதிரி ஆளுங்களை நினைச்சுத்தான் போட்டிருக்காங்க. ஓபிடில இருக்கறவருக்குச் சரியான விடை: முதல் கேள்விக்கு ஆமா, ரெண்டாவதுக்கும் ஆமா.

இப்படிக் கேக்கலாமான்னு அடுத்து ஒருத்தர் வருவாரு, அதனால இப்பவே சொல்லிடறேன். கேக்கலாம். குடியுரிமை நிலையை வச்சு வேலையில பாகுபாடு காட்டக்கூடாதுங்கற சட்டம் குடிமக்கள், அகதிகள், அடைக்கலம் பெற்றவங்க, புதுசா கிரீன் கார்டு வாங்கினவங்க, இவங்களுக்குத்தான் காவல். உங்க எஃப்-1 மாணவர் விசா அந்தப் பட்டியல்ல இல்லை. "நாங்க யாருக்கும் ஸ்பான்சர் பண்றதில்லை"ன்னு சொல்ல கம்பெனிக்கு உரிமை இருக்கு. "எந்த ஊரு, எந்த நாடு, பிறந்தது எங்க"ன்னு நோண்டறது வேற விஷயம். பிறந்த நாட்டை வச்சு ஒதுக்கறதுக்குத் தனிச் சட்டம் இருக்கு, அதனால புத்தியுள்ள கம்பெனி அந்தப் பக்கமே போகாது.


லாட்டரி_மூணுதடவை
செவ்வாய், இரவு 10.44

அண்ணே, சட்டமெல்லாம் சரி. 140 இடத்துல "ஆமா" போட்டவனுக்கு என்ன கிடைச்சுது? "இல்லை" போட்டதும் போன் வருது. பசிக்கிறவன்கிட்ட போயி தேனீ எப்படித் தேன் எடுக்குதுன்னு பாடம் நடத்துறீங்க.


எட்டாவதுவருஷம்
செவ்வாய், இரவு 10.52

பசிக்குதுன்னு தேன்கூட்டுல கையை விட்டா என்ன ஆகும்னு சொல்றேங்க. ஒரு வருஷ ஓபிடி முடிஞ்சா அடுத்த 24 மாசத்துக்கு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்காரங்களுக்கான) நீட்டிப்பு வேணும். அதுக்கு ஐ-983ன்னு ஒரு பயிற்சித் திட்டம், அதுல கம்பெனி கையெழுத்துப் போடணும். கம்பெனி ஈ-வெரிஃபைல, அதான் வேலை அனுமதியைச் சரிபார்க்கற அரசாங்கத் தளத்துல, பதிஞ்சிருக்கணும். ஆக, மறைச்சாலும் பத்தே மாசத்துல அந்தப் பேப்பரைத் தூக்கிட்டு அதே ஹெச்ஆர் மேஜை முன்னாடி போய் நிக்கணும். அன்னிக்கு அவங்க உங்க விண்ணப்பத்தைத் திறந்து பாத்தா? டெக்சாஸ்ல காரணமே சொல்லாம வேலையை விட்டுத் தூக்கலாம். இங்க காரணத்தை நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க.


மனிதவளக்காரி
புதன், காலை 7.15

காபி குடிச்சுக்கிட்டே படிச்சேன். நான் ஒஹையோல ஒரு நடுத்தர கம்பெனில ஆள் எடுக்கற வேலைல இருக்கேன். மேஜைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு சொல்றேன், அப்புறம் சண்டை போடுங்க.

அந்த ரெண்டாவது கேள்வியை மனுஷங்க படிக்கறதுக்கு முன்னாடி சாஃப்ட்வேர் படிக்குது. ஒரு வேலைக்கு "ஸ்பான்சர்ஷிப் கிடையாது"ன்னு செட் பண்ணியிருந்தா, "ஆமா" போட்டவங்க விண்ணப்பம் என் திரைக்கே வராது. மறுநாள் காலைல வர்ற "வருந்துகிறோம்" அதுதான். தம்பி, அது உங்க ரெஸ்யூமேயை யாரோ படிச்சு எழுதின பதில் இல்லை. அதை நினைச்சு மனசு உடையாதீங்க.

ஆனா எல்லா வேலைக்கும் அப்படி செட் பண்றதில்லை. சிலதுல "ஆமா" போட்டா பக்கத்துல ஒரு குறி விழும், அவ்வளவுதான். உங்க கம்பெனி எந்த வகைன்னு வெளியிலேர்ந்து தெரியாது. ஒரு வழி இருக்கு. எந்தக் கம்பெனி ஹெச்-1பி எடுத்திருக்குன்னு குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தளத்துலயே வருஷவாரியாத் தேடலாம். தொழிலாளர் துறை வெளியிடற எல்சிஏ (ஹெச்-1பி மனுவுக்கு முன்னாடி கம்பெனி போடற விண்ணப்பம்) பட்டியல்ல எந்த வேலைக்கு, எந்த ஊர்ல, எவ்வளவு சம்பளம்ங்கறது வரைக்கும் இருக்கும். இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள அதைப் பாருங்க.

அடுத்து, யார்கிட்ட சொல்றது. ரெக்ரூட்டர்கிட்ட. இன்னிக்கே. மேனேஜர்கிட்ட இல்லை. நிறைய மேனேஜர்களுக்கு ஓபிடிக்கும் ஹெச்-1பிக்கும் வித்தியாசம் தெரியாது, "விசா"ன்னு காதுல விழுந்ததும் அவங்க கண்ணுல ஒரு மேகம் வரும் பாருங்க, அதுக்கப்புறம் நீங்க எழுதற கோடெல்லாம் அந்த மேகத்துக்கு அந்தப் பக்கம்தான். முடிவெடுக்கற கொள்கை எங்ககிட்ட இருக்கு. எங்களுக்கு இது அன்றாட விஷயம்.

எப்படிச் சொல்றது. மன்னிப்புக் கடிதம் எழுதாதீங்க. அழாதீங்க. திருத்தம் அனுப்பற மாதிரி மூணு வரி: விண்ணப்பத்துல ரெண்டாவது கேள்விக்கு நான் குடுத்த பதிலைத் திருத்த விரும்பறேன், இப்ப எனக்கு வேலை அனுமதி இருக்கு, ஸ்டெம் நீட்டிப்போட 2029 ஜனவரி வரைக்கும் கம்பெனி எந்த விசா மனுவும் போட வேண்டியதில்லை, அதுக்குப் பிறகு ஹெச்-1பி தேவைப்படும். தேதியைப் போடுங்க. "எனக்கு ஸ்பான்சர்ஷிப் வேணும்"ன்னு மொட்டையா வந்தா எனக்குச் செலவு தெரியும். "2029 ஜனவரி"ன்னு வந்தா மூணு வருஷம் தெரியும்.


காவேரிக்கரை
புதன், காலை 8.02

அக்கா, ரொம்ப நன்றி. ஆனா சொன்னதும் வியாழக்கிழமை இன்டர்வியூவையே கேன்சல் பண்ணிட்டா?


மனிதவளக்காரி
புதன், காலை 8.10

பண்ணலாம். பண்ண மாட்டாங்கன்னு நான் சொல்லல. கேன்சல் பண்ற கம்பெனி, ஆஃபர் குடுத்த பிறகும் அதேதான் பண்ணும். அப்ப உங்க கணக்குல 15 நாள் இருக்காது, 60 இருக்கும்.


பாலாற்றங்கரை
புதன், காலை 9.26

அக்கா சொன்ன கடைசி வரி எனக்கு நடந்தது. 2023. நானும் ஆஃபர் வரட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். வந்தது. அதை நம்பி இன்னொரு சின்ன கம்பெனி குடுத்த ஆஃபரை வேண்டாம்னுட்டேன். கையெழுத்துப் போட்ட பிறகு பின்னணிச் சரிபார்ப்புப் படிவத்துல மறுபடி அதே கேள்வி. அப்ப "ஆமா" போட்டேன். மூணு நாள் கழிச்சு ஆஃபரை வாபஸ் வாங்கிட்டாங்க. கொடுமை என்னன்னா, அந்த ரெக்ரூட்டர் போன்ல, "முதல்லயே சொல்லியிருந்தா பக்கத்து டீம்ல போட்டிருப்பேன், அவங்க ஸ்பான்சர் பண்றாங்க"ன்னாரு. உண்மையா சும்மாவான்னு தெரியாது. ஆனா அந்த வரி இன்னும் ராத்திரில காதுல கேக்குது.


எளியவழி
புதன், காலை 10.11

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]


நெறியாளர்
புதன், காலை 10.30

கன்சல்டன்சி விளம்பரம் நீக்கப்பட்டது. "நாங்களே ரெஸ்யூமே ரெடி பண்ணி, ஆறு வருஷ அனுபவம் போட்டு, இன்டர்வியூவுக்கும் ஆள் வைப்போம்" வகையறாக்களுக்கு இங்கே இடமில்லை. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.


லாட்டரி_மூணுதடவை
புதன், காலை 10.48

நெறியாளருக்கு ஒரு சலாம். நான் முட்டாள்தனமா ஆலோசனை சொல்லுவேன், ஆனா அந்த ரகம் இல்லப்பா.


வடமராட்சி
புதன், மதியம் 12.20

நான் லண்டனில இருக்கிறன். உங்கட கதை வேற, எங்கட கதை வேற, எண்டாலும் ஒண்டு சொல்லுறன். இஞ்ச ஸ்பான்சர் பண்ண கம்பெனிக்கு உரிமம் வேணும். உரிமம் உள்ள கம்பெனியளின்ர பட்டியலை அரசாங்கமே வெளியில போட்டிருக்கு. பட்டியலில இல்லாத இடத்துக்கு இன்டர்வியூவில கண்ணீர் விட்டும் பிரயோசனம் இல்லை. இருந்தாலும் சம்பளம் காணாட்டி சரிவராது. போன வருசம் யூலை 22க்குப் பிறகு பொதுவா 41,700 பவுண். புதுசா வாற பெடியளுக்கு 33,400. அதால இஞ்ச விசாக் கதையும் சம்பளக் கதையும் ஒரே கதைதான், ரெண்டையும் பிரிச்சுக் கதைக்கேலாது. தம்பி, அங்க அப்பிடி இல்லையோ?


எட்டாவதுவருஷம்
புதன், மதியம் 1.05

அண்ணை, நல்ல கேள்வி கேட்டீங்க. இதுவரைக்கும் இங்க அப்படி இல்லை. இனிமே அப்படித்தான்.

ஹெச்-1பி வருஷத்துக்கு 65,000. அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்குக் கூட 20,000. மார்ச்ல பதிவு, குலுக்கல், விழுந்தா அக்டோபர் 1 வேலை. போன வருஷம் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே சீட்டு. டிசம்பர் கடைசில வந்த விதி பிப்ரவரி 27லேர்ந்து அமலுக்கு வருது. அதன்படி குலுக்கலே சம்பள நிலையைப் பொறுத்தது. அந்த ஊர்ல அந்த வேலைக்குத் தொழிலாளர் துறை நாலு நிலை வச்சிருக்கு. நாலாம் நிலைச் சம்பளம்னா பேர் நாலு தடவை குடத்துல விழும். முதல் நிலைன்னா ஒரே தடவை. இப்பத்தான் படிச்சு முடிச்சவங்க பெரும்பாலும் ஒண்ணுலதான் வருவாங்க.

ஆக, காவேரிக்கரை, சம்பளம் பேசும்போது நீங்க பேசறது வாடகையையும் லோனையும் மட்டும் இல்லை, சீட்டு எண்ணிக்கையையும்தான். உங்க கையில மூணு மார்ச் இருக்கு: இந்த வருஷம், 2027, 2028. இந்த மார்ச்சை அவங்க அவசரமா எடுக்க மாட்டாங்க. எடுத்தா அதிர்ஷ்டம்.

இன்னொண்ணு. வியாழக்கிழமை மேனேஜர் வேற எதைக் கேக்காட்டியும் ஹெச்-1பி மனுவுக்குப் புதுசா வந்த ஒரு லட்சம் டாலர் கட்டணத்தைப் பத்திக் கேப்பாரு. அது எல்லாப் பேப்பர்லயும் வந்துடுச்சு. பதிலை இப்பவே வாயில போட்டு வச்சுக்கோங்க. செப்டம்பர் 21லேர்ந்து போடற புது மனுவுக்கு, ஆள் அமெரிக்காவுக்கு வெளிய இருந்தா அந்தத் தொகை. உள்ளேயே எஃப்-1லேர்ந்து ஹெச்-1பிக்கு நிலை மாறறவங்களுக்கு இல்லைன்னு அக்டோபர் 20ல யுஎஸ்சிஐஎஸ்ஸே விளக்கம் குடுத்தாச்சு. ஒரே எச்சரிக்கை: மனு நிலுவையில இருக்கும்போது தங்கச்சி கல்யாணம்னு திருச்சிக்கு ஏறிடாதீங்க. நிலைமாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதா ஆயிடும், அப்புறம் கணக்கு வேற.


மனிதவளக்காரி
புதன், மதியம் 1.40

செலவையும் சொல்லிடறேன், ஏன்னா மேனேஜர்கள் மனசுல அது பூதமா நிக்குது. 25 பேருக்கு மேல இருக்கற கம்பெனின்னா பதிவுக் கட்டணம் 215, மனு 780, பயிற்சிக் கட்டணம் 1,500, மோசடித் தடுப்பு 500, அடைக்கலத் திட்டக் கட்டணம் 600. கூட்டினா 3,595 டாலர். அது போக வக்கீல். அவசரமா முடிவு வேணும்னா அதுக்குத் தனிக் காசு. நான் ஏஜென்சி மூலமா ஒரு ஆள் எடுத்தா இதைவிடப் பல மடங்கு குடுக்கறேன்.

ஆனா இன்டர்வியூல இந்தக் கணக்கை நீங்களா எடுத்து வைக்காதீங்க. சந்தைல மாட்டுக்காரர் தானே விலையைக் குறைச்சுச் சொன்னா மாட்டுக்கு என்ன நோயோன்னுதான் தோணும். முக்கியமா, "கட்டணத்தை நானே கட்டிடறேன்"ன்னு சொல்லவே சொல்லாதீங்க. அந்த 1,500 டாலரைத் தொழிலாளிகிட்ட வாங்கறது சட்டப்படி தப்பு. வாங்கறேன்னு சொல்ற கம்பெனில சேராதீங்க.


காவேரிக்கரை
புதன், மாலை 6.18

அனுப்பிட்டேன். அக்கா சொன்ன மூணு வரி. அனுப்பற பட்டனை அமுக்க அரை மணி நேரம் ஆச்சு. அனுப்பிட்டு நேரா வாக்கிங் போயிட்டேன், போனை ரூம்ல வச்சுட்டு.

இருபது நிமிஷத்துல அந்தம்மாவே கூப்பிட்டிருக்காங்க. திரும்பக் கூப்பிட்டேன். "தெளிவுபடுத்தினதுக்கு நன்றி"ன்னாங்க. அப்புறம் ஒரு மௌனம். கீபோர்ட் சத்தம் மட்டும் கேட்டுது. என் வாழ்க்கையிலேயே நீளமான கீபோர்ட் சத்தம். "ஈ-வெரிஃபை இருக்கு, ஸ்டெம் நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடுவோம், ஹெச்-1பி ஒரு வருஷம் வேலை பார்த்த பிறகு மேனேஜர் பரிந்துரைச்சா. வாக்குறுதி கிடையாது. நாளைக்கு வர்றீங்கல்ல?"ன்னாங்க.

அவ்வளவுதான். நாலு மாசமா நான் பயந்தது இந்த மூணு நிமிஷத்துக்கு.


லாட்டரி_மூணுதடவை
புதன், மாலை 6.25

சரி, நான் தோத்தேன். ஆனா ஒண்ணு சொல்றேன், "ஆமா"ன்னு முதல்லயே போட்டிருந்தா இந்த மூணு நிமிஷமே கிடைச்சிருக்காது. அதுக்கு யாரும் பதில் சொல்லல பாத்தீங்களா?


மனிதவளக்காரி
புதன், இரவு 8.50

சொல்லல, ஏன்னா என்கிட்ட நல்ல பதில் இல்லை. வடிகட்டி செட் பண்ணியிருந்தா அவர் உள்ளேயே வந்திருக்க மாட்டார். செட் பண்ணலைன்னா "ஆமா" போட்டும் வந்திருப்பார். அவங்க கொள்கையைப் பாத்தா செட் பண்ணியிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனா தெரியாது. தம்பி, அடுத்த ஃபார்ம்ல "ஆமா"ன்னே போடுங்க, எண்ணிக்கையைக் குறைச்சு, ஹெச்-1பி எடுத்த வரலாறு இருக்கற கம்பெனிகளா பாத்து. பல்கலைக்கழகங்களையும் லாப நோக்கமில்லாத ஆராய்ச்சி நிலையங்களையும் விட்டுடாதீங்க, அவங்களுக்கு லாட்டரியே கிடையாது, எந்த மாசமும் மனு போடலாம். சம்பளம் குறைவுன்னு நம்ம பசங்க யாரும் அந்தப் பக்கம் திரும்பறதே இல்லை.


காவேரிக்கரை
ஜனவரி 29, வியாழன், மாலை 5.33

முடிஞ்சுது. 50 நிமிஷம் கோடு, 10 நிமிஷம் பேச்சு. மேனேஜருக்கு ரெக்ரூட்டர் ஏற்கெனவே சொல்லியிருக்காங்க போல. கடைசில அவரே, "நியூஸ்ல ஏதோ ஒரு லட்சம் டாலர்னு..."ன்னு இழுத்தாரு. அண்ணன் சொன்னதை ரெண்டே வாக்கியத்துல சொன்னேன். "ஓ, அப்படியா"ன்னு எதையோ குறிச்சுக்கிட்டாரு. அடுத்து டேட்டாபேஸ் லாக்கிங் பத்தின கேள்விக்குத் திரும்பிட்டாரு. அதுலதான் கொஞ்சம் சொதப்பினேன். விசாவுக்கு மூணு நாள் தயாரிச்சேன், லாக்கிங்குக்குத் தயாரிக்கல.


பாலாற்றங்கரை
வியாழன், மாலை 5.50

எல்லார் கதையும் இதுதான்.


காவேரிக்கரை
பிப்ரவரி 11, புதன், காலை 11.07

இழையைத் தூசி தட்டறதுக்கு மன்னிக்கணும். ஆஃபர் வந்துடுச்சு. மார்ச் 2 சேரணும். அன்னிக்கு என் கணக்கு 49 நாள்ல நிக்கும். இந்த மார்ச் பதிவு பண்ண மாட்டாங்க, கேட்டுட்டேன். அடுத்த மார்ச் "பரிசீலிப்போம்"ன்னு ரெக்ரூட்டர் மெயில்ல எழுதிக் குடுத்தாங்க. ஆஃபர் லெட்டர்ல போடச் சொன்னேன், அது வழக்கமில்லைன்னுட்டாங்க.

எட்டாவதுவருஷம் அண்ணன் சொன்னதால சம்பள நிலையைப் பாத்தேன். டல்லாஸ் கவுன்ட்டில என் வேலைக்கு ரெண்டாம் நிலை தொட 1,900 டாலர் குறையுது. அதைச் சொல்லியே 2,000 கூட்டிக் கேட்டேன். காரணத்தைக் கேட்டு அந்தம்மா சிரிச்சுட்டாங்க. "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லை"ன்னாங்க. வெள்ளிக்கிழமை சொல்றாங்களாம்.


எட்டாவதுவருஷம்
புதன், காலை 11.30

வாழ்த்துங்க தம்பி. ஆனா ஓரத்துல நிக்காதீங்க. அந்தச் சம்பளப் பட்டியல் ஒவ்வொரு ஜூலை 1லயும் மாறும். அடுத்த மார்ச்ல அவங்க பாக்கறது புதுப் பட்டியலை. இன்னிக்கு நூறு டாலர் மேல நின்னா ஜூலைல கீழ விழுவீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொரு மெயில் போட்டு 5,000 கேளுங்க.


காவேரிக்கரை
புதன், காலை 11.34

மறுபடியும் அந்தப் பட்டனா...


மனிதவளக்காரி
புதன், காலை 11.41

5,000 வேண்டாம், 4,000 கேளுங்க. மெயில்ல இல்லை, போன்ல.